ஏலத்துக்குப் போகிற ஆயாவுக்கு எவ்வளவு சுகர் போதும்?

தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு வரும் பெரியவர்கள் மஞ்சப்பையைத் திறந்து மாத்திரைகளை மேசையில் கொட்டுவார்கள். சுகருக்கு, பிரஷருக்கு, மூட்டு வலிக்கு, தூக்கத்துக்கு. இவை கிளப்பிவிட்ட வயிற்றெரிச்சலுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றையும் எழுதிய டாக்டருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். மொத்தமாக விழுங்குகிறவருக்கு லாபமா நஷ்டமா என்று பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் ஆயா, எழுபதைத் தாண்டியவர். சுகரை இறக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார். சாப்பாடு வெயில் ஏறிய பிறகுதான். துறைமுகத்திலேயே வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட, பக்கத்துக் கூடைக்காரம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பியிருக்கிறார். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 6.4. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் நல்ல கட்டுப்பாடு. ஆனால் இப்படி இறுக்கிப் பிடிப்பதால் கண்ணுக்கும் கிட்னிக்கும் வரும் பலன் தெரியப் பல வருடம் ஆகும். சுகர் இறங்கி விழுந்து இடுப்பெலும்பு உடைய ஒரு நிமிஷம் போதும். அந்த மாத்திரை உடம்பில் நெடுநேரம் வேலை செய்யும், கிட்னி தளர்ந்த வயதில் இன்னும் அதிகம். நிறுத்தினேன். எச்பிஏ1சி 8க்குள் இருந்தால் போதும் என்றேன்.

மகனுக்குத் திருப்தியில்லை. "இன்னா டாக்டரம்மா, மாத்திரய நிறுத்துனா சுகர் ஏறிடாதா?"

"கொஞ்சம் ஏறும்ப்பா, பரவாயில்ல. உங்கம்மாவுக்கு என்ன வேணும்னு அவங்களையே கேளு."

ஆயா யோசிக்கவே இல்லை. "யார் கையையும் எதிர்பாக்காம யாவாரம் பண்ணணும். அவ்ளோதான்."

மாரடைப்பு வராமலிருக்க என்று தினமும் போடும் ஆஸ்பிரினும் அப்படித்தான். 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், இதயநோய் வராத சுமார் 19,000 முதியவர்களில் தினமும் 100 மி.கி. சாப்பிட்டவர்களுக்கு முடங்காமல் வாழும் காலம் கூடவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் கணக்கு வேறு. அவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

வயதானால் எல்லாவற்றையும் குறைப்பதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. இடுப்பெலும்பு உடைந்த எண்பது வயதுக்காரரை, "இந்த வயசுல ஆபரேஷனா?" என்று புத்தூர் கட்டுப் போட்டுப் படுக்கவைத்தால் எனக்குக் கோபமே வரும். படுத்துவிட்டால் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்வதுதான் வலி குறையவும் எழுந்து உட்காரவும் வழி. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செலவில்லை, முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. வார்டில் கூட யார் இருப்பது என்பதில்தான் வீடு தடுமாறுகிறது. லோடு ஏற்றும் மகன் வந்து உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. அந்தச் செலவு எந்த பில்லிலும் வராது.

அதனால் எதை எழுதும் முன்பும், "யார் கூட்டிட்டு வருவீங்க, அன்னிக்கு அவங்க வேலை என்னாகும்?" என்று கேட்டுவிடுகிறேன். டெஸ்டுகளை முடிந்தவரை ஒரே நாளில் வைக்கிறேன். பிரஷர், சுகர் மாத்திரைகள் 2021 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. இன்னும் பெயர் பதியாதவர்களைப் பக்கத்து சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறேன்.