விளக்கு எரியுது, வண்டி ஓடலை

எங்கள் வீட்டில் நேற்று ராத்திரி நடந்த கலவரத்துக்கு நான்தான் காரணம் என்று அம்மா இந்நேரம் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பார். அதனால் என் தரப்பு நியாயத்தை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். குற்றவாளி அக்காவின் சீமந்த புத்திரன்தான்.

எட்டரைக்குப் போன் கேமில் ரேஸ். கூட்டாளிகள் எல்லாரும் ஆன்லைனில் வந்து உறுமிக்கொண்டிருந்தார்கள். நானும் போனை கிளிப்பில் மாட்டி, கேம்பேடை, அதாவது ரெண்டு கையாலும் பிடித்து விளையாடும் அந்த புளூடூத் பட்டன் கருவியை, ஆன் செய்தேன். நீல விளக்கு சிமிட்டியது, கையில் ஒரு சின்ன அதிர்வு, அப்புறம் விளக்கு ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தது. விளக்கு நின்று எரிந்தால் ஜோடி சேர்ந்தாச்சு என்று அர்த்தம். போனைப் பார்த்தால் 'இணைக்க முடியவில்லை' என்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணமே முடிந்துவிட்டது என்கிறார்கள், பெண் வீட்டார் ஜாதகமே வரவில்லை என்கிறார்கள். நான் யாரை நம்புவது?

இந்த மாதிரி நேரத்தில் உலகத்தில் எல்லாருமே வைத்தியர்கள்தான். 'புளூடூத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்றான் ஒருவன். பண்ணினேன். 'பழைய இணைப்பை ஃபர்கெட் கொடுத்துட்டு மறுபடி தேடு' என்றான் இன்னொருவன். கொடுத்தேன். அதுவரை 'இணைக்க முடியவில்லை' என்றாவது சொல்லிக்கொண்டிருந்த போன், இப்போது கேம்பேடை யாரென்றே தெரியாது என்று கைவிரித்துவிட்டது. 'லொக்கேஷன் ஆன்ல இருக்கா?' என்றான் மூன்றாமவன். அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 வருவதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் புளூடூத் கருவியைத் தேடுவதற்கே ஆப்புக்கு லொக்கேஷன் அனுமதி வேண்டும். சுற்றி என்னென்ன கருவி இருக்கிறது என்று பார்த்தே நாம் எங்கே இருக்கிறோம் என்று ஊகித்துவிடலாமாம், அதற்காக. என் போன் அந்தக் காலத்து ஆள். அனுமதி கொடுத்தேன். நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது போனுக்குத் தெரிந்தது, கேம்பேட் என் மடியில் இருப்பது மட்டும் தெரியவில்லை.

அப்புறம் மேனுவல். எறும்புக்கு அச்சடித்த எழுத்து. ஹோம் பட்டனோடு ஏ அழுத்தினால் ஆண்ட்ராய்டு, பி அழுத்தினால் ஐபோன், எக்ஸ் அழுத்தினால் கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் அழுத்தினேன். பின்னால் ஒரு பொட்டு ஓட்டை, ரீசெட்டுக்கு. அம்மாவிடம் ஊக்கு வாங்கிக் குத்தினேன். விளக்கு அணைந்தது, மறுபடி சிமிட்டியது, மறுபடி நின்று எரிந்தது. அதே தெளிவு, அதே நிம்மதி.

சமையலறையில் மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் புளூடூத்தும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்டையில்தான் குடித்தனம். கொஞ்ச நேரம் அதை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். "உன் பொம்மைக்காக நான் ஆறிப்போனதைத் திங்கணுமா?" என்று ஒரு கேள்வி வந்தது. அறிவியல் அத்தோடு முடிந்தது.

புளூடூத்காரர்களும் இந்த நெரிசல் தெரிந்துதான் வேலை செய்திருக்கிறார்கள். பழைய வகை புளூடூத் ஒரே அலைவரிசையில் உட்காராது. 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1600 தடவை தாவிக்கொண்டே இருக்கும். எங்கள் அப்பா ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்தால் இதைவிடக் கொஞ்சம்தான் கம்மி.

அப்பா என்றதும்தான் கதைக்கு வருகிறேன். நான் உள்ளே கடுப்பில் ஏதாவது பட்டனைக் குத்தும்போதெல்லாம் ஹாலிலிருந்து ஒரு கூச்சல் வந்துகொண்டிருந்தது. நான் அதை விவாத நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன், அப்பா பங்கேற்காத விவாதம் எது? "ஏய், யாருடா ரிமோட்டை மிதிக்கிறது?" நான் பி அழுத்தினேன். "இதோ, மறுபடியும் வெளிய போயிடுச்சு!" நான் மேல் அம்புக்குறியை அழுத்தினேன். "பக்திச் சேனலுக்கு எதுக்குப் போகுது?" ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டியிருக்கிறார். பேட்டரியை உருட்டிப் பார்த்திருக்கிறார். கடைசியில் பேட்டரியையே கழற்றி எறிந்துவிட்டார். அப்போதுதான் நான் ஆத்திரத்தில் எல்லா பட்டனையும் ஒன்றாக அமுக்கினேன். "பேட்டரி இல்லாமலே ஓடுதுடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் மைக்ரோவேவ் நின்றுவிட்டது. நான் கேட்டபோது நிற்காத மைக்ரோவேவ்.

அக்கா பையனுக்குப் போன் போட்டேன். "ஆமா மாமா, லீவுக்கு வந்தப்போ டிவியில கனெக்ட் பண்ணி விளையாடினேன்ல. அது கடைசியா சேர்ந்ததைத்தான் முதல்ல தேடிப் போகும். டிவியில அன்பேர் பண்ணி அந்த ஜோடியைப் பிரிச்சு விட்டுடுங்க" என்றான், கொட்டாவி விட்டபடி. ஆக, விளக்கு பொய் சொல்லவில்லை. கல்யாணம் நடந்தது உண்மை, பெண்தான் வேறு.

அன்பேர் செய்ய டிவியின் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். அதற்கு ரிமோட் வேண்டும். ரிமோட்டுக்குப் பேட்டரி வேண்டும். பேட்டரி ஒன்று சோபாவுக்கு அடியில், இன்னொன்று தலைமறைவு. வேறு வழியில்லாமல் கேம்பேடை வைத்தே கேம்பேடை விரட்ட உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலயே எல்லாம் மாத்தலாமா?"

"மாத்தலாம்ப்பா."

வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒவ்வொரு பட்டனாகத் தடவினார். "நல்லா மேடா இருக்குடா. அந்த ரிமோட்ல எழுத்தெல்லாம் எப்பவோ போயிடுச்சு. கீழேயிருந்து எண்ணி எண்ணித்தான் அமுக்குறேன்" என்றார். ரிமோட்டை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, எது எந்த பட்டன் என்றே தெரியவில்லை. இத்தனை நாள் அவர் சேனல் தாவியதெல்லாம் பொறுமையில்லாமல் இல்லை, வேண்டிய சேனலைத் தேடித்தான்.

அன்பேர் செய்யாமல் வந்துவிட்டேன். ரேஸ் எப்பவோ முடிந்திருந்தது.

இன்று காலை போய்க் கேட்டேன். ஸ்டியரிங் பிடிப்பதுபோல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்த நியூஸ் முடியட்டும், தர்றேன்" என்றார். அவர் பார்ப்பது 24 மணி நேரச் செய்தி சேனல். சார்ஜ் மட்டும் தினமும் நான் போட்டுக் கொடுக்கணுமாம்.