மூன்று வருடத்துக்குச் செல்லும் ஒரு தாள்

லினக்ஸ் இயங்குதளம் பதித்த கணினிகளை விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இயங்குதளமும் மென்பொருள்களும் அடங்கிய மாஸ்டர் இமேஜ் (முழுப் பிரதி) ஒன்றைத் தயார் செய்து எல்லாக் கணினிகளிலும் ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. ஒழுங்காக பூட் ஆகிறதா, தொடுதிரையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா, அவ்வளவுதான் என் கவலை.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதியதாக மாற்றினால் தொடுதிரை நின்றுவிடுகிறது, உங்கள் கெர்னலின் மூலநிரல் (படித்துத் திருத்தக்கூடிய நிரல்) வேண்டும் என்று கேட்டிருந்தார். எங்கள் கணினிகளில் இருந்தது டெபியன் என்ற லினக்ஸ் வகை. "டெபியன் தளத்திலேயே கிடைக்கும், இறக்கிக்கொள்ளுங்கள்" என்று நல்ல எண்ணத்தில்தான் பதில் எழுதினேன். கெர்னலுக்கான உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் மூன்றாவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று பொறுமையாகத் திருப்பி எழுதினார்.

அன்று மாலை உட்கார்ந்து படித்தேன். 1991-இல் வெளிவந்த அந்த உரிமம், மென்பொருளைப் பிறருக்குக் கொடுப்பவர் மூலநிரலையும் கிடைக்கச் செய்ய மூன்று வழிகளைத் தருகிறது. மூலநிரலைப் பொருளோடு சேர்த்தே கொடுக்கலாம். இல்லாவிட்டால், கேட்கும் எவருக்கும் தருவோம் என்று குறைந்தது 3 வருடத்துக்குச் செல்லுபடியாகும் உறுதியை எழுத்தில் கொடுக்கலாம். பிரதி எடுத்து அனுப்பும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. மூன்றாவது, நமக்கு வந்த உறுதியையே அடுத்தவருக்குக் கைமாற்றிவிடுவது. நான் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் அந்த வழி வணிக நோக்கமில்லாமல் பகிர்பவர்களுக்கு மட்டுமே. நாங்களோ காசு வாங்கி விற்கிறோம். 'எவருக்கும்' என்ற சொல்லையும் அன்றுதான் கவனித்தேன். எங்களிடம் எதுவும் வாங்காதவர் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும்.

சரி, கொடுத்துவிடலாம் என்று தேடப் போனேன். எங்கள் கெர்னல் டெபியனுடையதே அல்ல. தொடுதிரைக்காக, வேலையை விட்டுப் போன சக ஊழியர் ஒருவர் மூலநிரலில் ஒரு சின்ன பேட்ச் (திருத்தம்) போட்டு, இயங்கும் கெர்னலாக மறுபடி கம்பைல் செய்திருந்தார். எங்களைத் தவிர அது உலகில் வேறு யாரிடமும் இல்லை. இல்லாத இடத்துக்கு ஒருவரை அனுப்பிவைத்திருக்கிறேன் என்பது உரிம மீறலைவிட அதிகமாக என்னை உறுத்தியது.

பேட்ச் ஒரு பழைய பேக்கப் டிஸ்கில் கிடைத்தது. எந்த அமைப்புகளோடு கம்பைல் செய்தார் என்று காட்டும் கான்ஃபிக் கோப்பு நல்லவேளையாக இமேஜின் பூட் அடைவிலேயே இருந்தது. அடிப்படையாக எடுத்த கெர்னல் பதிப்பு வழக்கமான பதிவிறக்கத் தளங்களிலிருந்து எப்போதோ போய்விட்டது. பழைய பதிப்புகளைச் சேமித்துவைக்கும் டெபியனின் ஸ்னாப்ஷாட் களஞ்சியத்தில் தேடி எடுத்தோம். பேட்சை மட்டும் கொடுத்தால் போதாது, கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட்களும் சேர்ந்ததுதான் முழு மூலநிரல் என்கிறது உரிமம். திரும்பக் கம்பைல் செய்து, எங்கள் கணினியில் அது ஓடுவதைப் பார்த்த பிறகே அனுப்பினோம். மூன்று நாள் ஆனது.

அப்புறம் வேலை செய்யும் முறையையே மாற்றினேன். இமேஜை முடிக்கும் அன்றே, அதில் உள்ள மென்பொருள் பொதிகளின் பட்டியலை எடுத்து, அதே பதிப்புகளின் மூலநிரலை இறக்கி, இமேஜோடு ஒரே இடத்தில் வைத்துவிடுவோம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்று நாள் தேடல்தான். இடம் மிச்சமாகட்டும் என்று ஆவண அடைவை நான் அழித்துவந்ததும் தவறு. மற்ற மென்பொருள்கள் சிலவற்றுக்கான எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் கேட்கும் பதிப்புரிமை அறிவிப்புகள் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் உறுதிமொழி அச்சிட்ட ஒரு தாளும் வைத்தோம்.

யார் கேட்கப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் சிலர் சொன்னார்கள். 2003-இல் லின்க்சிஸ் நிறுவனத்தின் ரவுட்டர் ஒன்றின் மூலநிரலைச் சிலர் விடாமல் கேட்டு வாங்கியதால்தான் ரவுட்டர்களுக்கான ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் இயங்குதளம் உருவானது. கேட்பவர் ஒருவராக இருந்தாலும் அவருக்கு அது தேவைப்படுகிறது.

எங்களிடம் கேட்டவர் இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதினார். புதிய கெர்னலுக்கு ஏற்றபடி திருத்திய பேட்சை இணைத்திருந்தார். அடுத்த இமேஜில் அவர் பெயரோடு அதைச் சேர்த்தோம்.