மார்ச் மாதத்து ஹேங்கர்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய பழைய தளம் ஒன்றின் ஓரத்தில் இயங்கும், மைக்ரோலைட் எனும் மிக இலகுவான சிறு விமானங்களின் கழகத்தில் எட்டு ஆண்டுகள் பராமரிப்புப் பணி செய்தேன். பறக்கும் பருவம் தொடங்கும் நாள் அங்கே எந்த நாட்காட்டியிலும் இருக்காது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபின் மாலைப்பொழுது நீளும். குளிர்காலம் முழுவதும் நீர் கோத்துக் கிடந்த புல் ஓடுதளம் மெல்லக் காயும். நடந்து பார்க்கும்போது குதிகால் மண்ணில் புதையாத அன்று பருவம் பிறந்துவிட்டது என்று கொள்வோம்.

அதற்கு முந்தைய ஆறு வாரங்களில்தான் என் வேலை முழுவதும் அடங்கியிருந்தது. ஹேங்கர் எனும் விமானக் கொட்டகையில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற விமானம், ஓயாமல் பறந்த விமானத்தைவிடக் கூடுதல் கவனம் கேட்கும். இருக்கைக்கு அடியில் எலி கூடு கட்டியிருக்கும். பறக்கும் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயைப் பூச்சி அடைத்திருக்கும். 2021 செப்டம்பரில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் வழக்கமான பெட்ரோலாகிவிட்டபின், தொட்டியில் தங்கிய எரிபொருள் ஈரத்தை இழுத்துக்கொள்வதும் ரப்பர் பாகங்களைக் கெடுப்பதும் பெரிய கவலையாயின. முக்கோணச் சிறகு கொண்ட விமானங்களின் பாயை, அதாவது சிறகுத் துணியை, தனியாகச் சோதிக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தத் துணியின் வலுவை வெளியே தெரியாமலே குறைக்கும் என்பதால், ஊசியைத் துணியில் குத்தி, சிறு வில்தராசால் குறித்த எடைவரை இழுத்துப் பார்ப்போம். துளை கிழிந்தால் அந்தப் பாயுடன் இனிப் பறக்க முடியாது.

என் இரண்டாவது மார்ச்சில் நடந்ததை இங்கே எழுதியாக வேண்டும். பயிற்சிக்கான இரட்டை இருக்கை விமானத்தில் ரோட்டாக்ஸ் 582 என்ற டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் இருந்தது. காற்றையும் எரிபொருளையும் கலந்து தரும் அதன் இரண்டு கார்புரேட்டர்களையும் இன்ஜினோடு இணைப்பவை ரப்பர் கழுத்துகள். நான் அவற்றைத் துடைத்தேன், விளக்கடித்துப் பார்த்தேன், நன்றாக இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் பறப்பதற்கு முன் பயிற்றுநர் கார்புரேட்டரைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பார்த்தபோது, ஒரு கழுத்தில் நகத்தளவு வெடிப்பு வாய் திறந்தது. அந்த வழியே கூடுதல் காற்று புகுந்தால் கலவையில் எரிபொருள் குறைந்து, பிஸ்டன் சூடேறி விரிந்து, சிலிண்டருக்குள் இறுகி, இன்ஜின் நின்றுவிடும். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; என் கட்டைவிரலைப் பிடித்து அந்த வெடிப்பின்மேல் வைத்தார். ரப்பரைக் கண்ணால் மட்டும் பார்ப்பது பரிசோதனை ஆகாது, வளைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

விமானிகளும் விமானங்களைப் போலவே பறக்காமல் குளிர்காலத்தைக் கடந்து வருகிறார்கள். பயணியை ஏற்றிச் செல்வதற்கு முந்தைய 90 நாட்களில் மூன்று முறை மேலெழும்பி மூன்று முறை தரையிறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தனியாகப் பறந்தே நிறைவேற்றிவிடலாம். ஆனால் வசந்தகாலக் காற்று அமைதியானதல்ல. குளிர்ந்த வானின் கீழே உழுத நிலம் சூடேறும்போது எழும் வெப்பக்காற்று, இவ்வளவு எடை குறைந்த விமானத்தைத் தரைக்கு மிக அருகிலும் தூக்கிப்போடும். எனவே முதல் பறப்பைப் பயிற்றுநருடன் செய்வதே முறை என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். அனுபவசாலிகளே அதற்கு முதலில் பெயர் கொடுத்தார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன்.

வேலையின் கடினமான பகுதி, "இன்று வேண்டாம்" என்று சொல்வது. ஏப்ரலின் முதல் தெளிந்த சனிக்கிழமையன்று ஓர் உறுப்பினர் தம் மகளை அழைத்து வந்திருந்தார். அவருடைய விமானத்தின் எரிபொருள் குழாயை வளைத்தேன், விறைத்துப்போயிருந்தது. மாற்றுக் குழாய் செவ்வாயன்றுதான் வரும் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அப்பாவும் மகளுமாக அந்த விமானத்தின் முன்கண்ணாடியை மாலைவரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்றுநருடனான சுற்றை அவர் புதனன்று முடித்தார். மகளோடு அடுத்த ஞாயிறு காலை, காற்று எழுவதற்கு முன் பறந்தார்.