பியர்டியூப் நிறுவும் முன் டிஸ்க்குக்குக் கணக்குப் போடுங்கள்

யூடியூப் போன்ற வீடியோ தளத்தை நாமே நடத்த உதவும் மென்பொருள் பியர்டியூப். அதற்குச் சொந்தமாக சர்வர் வைக்க நினைப்பவர்களிடம் அடிக்கடி பார்க்கும் நம்பிக்கை: ஃபெடரேஷன் (தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவது) இருப்பதால் வீடியோ எல்லா சர்வர்களுக்கும் பரவிவிடும், நம் சுமை குறையும். அப்படி நடக்காது. சர்வர்கள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை வழியாக வெளியே போவது தலைப்பு, விவரம், முகப்புப் படம், கமெண்ட் போன்றவைதான். ஃபைல் உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும். வேறு சர்வர் வழியாகப் பார்ப்பவருக்கும் நீங்கள்தான் அனுப்பியாக வேண்டும். அந்த சர்வரின் நிர்வாகி நகல் வைக்கும் வசதியை இயக்கியிருந்தால் மட்டும் பாரம் பகிரப்படும்.

அதனால் முதலில் டிஸ்க். 1080பி வீடியோ விநாடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி. கூடவே 720பி (2 மெகாபிட்), 480பி (1 மெகாபிட்) வைத்தால் மொத்தம் சுமார் 3.15 ஜிபி. ஹெச்எல்எஸ் (சிறு துண்டுகளாக அனுப்பும் முறை), வெப் வீடியோ (ஒரே ஃபைலாக அனுப்பும் முறை) இரண்டையும் ஆன் செய்தால் அப்படியே இரட்டிப்பு. ஹெச்எல்எஸ் மட்டும் போதும். 2023 நவம்பரில் வந்த 6ஆம் பதிப்பில், வெப் வீடியோவில் பி2பிக்குப் பயன்பட்ட வெப்டாரன்ட்டை நீக்கிவிட்டார்கள். பி2பி, அதாவது பார்வையாளர்களே வீடியோத் துண்டுகளை ஒருவருக்கொருவர் பகிர்வது, இப்போது ஹெச்எல்எஸ்ஸில்தான் வேலை செய்கிறது.

அந்த பி2பியை நம்பி பேண்ட்வித்தைக் குறைத்து வாங்காதீர்கள். ஒரே வீடியோவை ஒரே நேரத்தில் பலர் பார்த்தால்தான் பலன். நேரலைக்கு அருமை, பழைய வீடியோக்களை ஆளுக்கொன்றாகப் பார்க்கும்போது ஒன்றுமில்லை. 100 பேர் 720பியில் பார்த்தால் 200 மெகாபிட் என்றே கணக்கு வையுங்கள். பியர்டியூப்புக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வெப் சர்வர்) வைத்தால், பார்வையாளர்களை ஒருவருக்கொருவர் இணைக்கும் டிராக்கருக்கான வெப்சாக்கெட் இணைப்பைக் கடத்த மறக்கக் கூடாது. மறந்தால் வீடியோ ஓடும், பி2பி மட்டும் சத்தமில்லாமல் செத்திருக்கும். பார்வையாளர்களின் ஐபி முகவரி ஒருவருக்கொருவர் தெரியும் என்பதையும் தளத்தில் சொல்லிவிடுங்கள்.

யாராவது அப்லோட் செய்தவுடன் தளமே திணறினால் காரணம் டிரான்ஸ்கோடிங், அதாவது வீடியோவை வெவ்வேறு தர அளவுகளுக்கு மாற்றும் வேலை. சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) அதைச் செய்யும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் எல்லா கோர்களையும் விழுங்கிவிடும். 5.2 பதிப்பு முதல் அந்த வேலையை வேறு கம்ப்யூட்டரிடம் விடும் ரிமோட் ரன்னர் வசதி இருக்கிறது: வீட்டுக் கம்ப்யூட்டரில் ரன்னரையும் எஃப்எஃப்எம்பெக்கையும் நிறுவி, நிர்வாகப் பக்கத்தில் கிடைக்கும் டோக்கனால் பதிவு செய்தால் போதும். ரன்னரே சர்வரைத் தேடிப் போவதால் வீட்டு ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டியதில்லை. ஆனால் இதை ஆன் செய்தபின் சர்வர் தானாக டிரான்ஸ்கோட் செய்யாது. ரன்னர் அணைந்திருந்தால் வேலைகள் வரிசையில் காத்துக் கிடக்கும்.

டொமைனை மட்டும் நிதானமாக முடிவு செய்யுங்கள். கணக்கு, சேனல், வீடியோ எல்லாவற்றின் அடையாளமும் அதோடு ஒட்டியது. பின்னால் மாற்ற ஸ்கிரிப்ட் உண்டு, ஆனால் மற்ற சர்வர்களில் உங்களைப் பின்தொடர்பவர்கள் அறுந்துபோவார்கள்.