ஊருணி, லெவல் 10

ஜூன் 3, 2025, செவ்வாய்

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை விட்டாச்சு. அண்ணன் மகளும் மகனும் நேற்று பள்ளத்தூர் வந்து சேர்ந்தார்கள், கூடவே ஒரு பெட்டி நிறைய அமீபோ பொம்மைகளும் அட்டைகளும் (உள்ளே சில்லு வைத்து நின்டெண்டோ விற்பவை, கேம் கருவியில் தொட்டால் கேமுக்குள் வேலை செய்யும்). பயண அலுப்பு தீரும் முன்பே பட்டாலையில் இருக்கும் டிவியில் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியை மாட்டிவிட்டார்கள்.

இன்றைக்கு முழுக்க அனிமல் கிராசிங்தான், பேசும் மிருகங்களைக் குடிவைத்து வாழும் கேம். 2020 மார்ச்சில் வந்த நியூ ஹொரைசன்ஸில் நம் தீவில் பத்துப் பேருக்கு மேல் குடிவைக்க முடியாது, அந்தப் பத்துப் பேர் யார் என்பதும் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெரியவளுக்கு ரேமண்ட் வேண்டும். கண்ணாடி போட்ட பூனை, இரண்டு கண்ணும் இரண்டு நிறம். ரேமண்ட் முதன்முதலாகத் தலைகாட்டியதே இந்த கேமில்தான் என்பதால், அதற்கு முன்னால் வந்த நான்கு வரிசை அட்டைகளில் (வரிசைக்கு 100 அட்டை) அவனுக்கு இடமில்லை. 2021 நவம்பரில் ஐந்தாவது வரிசை 48 அட்டைகளோடு வந்தபோதுதான் அவனுக்கென்று ஓர் அட்டை கிடைத்தது. பாக்கெட்டைப் பிரிக்கும்வரை உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, அதனால் இவள் தன்னிடம் இருந்த நல்ல நல்ல அட்டைகளை எல்லாம் வகுப்புத் தோழிக்குக் கொடுத்து இந்த ஒன்றை வாங்கியிருக்கிறாள். கொடுத்தது நியாயமான விலைதான் என்பேன்.

கூப்பிடும் முறை எளிது. தீவின் அலுவலகக் கட்டடத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது, அதில் அமீபோவைத் தேர்ந்தெடுத்து, ஸ்விட்சின் கைக்கட்டுப்பாட்டுக் கருவியான ஜாய்-கானில் வலது பக்கத்ததன் ஸ்டிக் மேல் அட்டையைத் தொட வேண்டும். அட்டையைப் படிக்கும் ரேடியோ ஆன்டெனா அந்த ஸ்டிக்கில்தான் இருக்கிறது. தொட்டதும் ரேமண்ட் கேம்ப்சைட்டுக்கு வருவான், ஆனால் குடி வரமாட்டான். ஒரு பொருள் கேட்பான், செய்து தர வேண்டும், மறுநாள் திரும்பக் கூப்பிட வேண்டும், மூன்றாம் நாள்தான் ‘இங்கேயே இருந்துவிடவா’ என்பான். காசு கொடுத்து வாங்கிய அட்டை கையில் இருந்தும் மூன்று நாள் காத்திருக்க வைத்த அந்த வடிவமைப்பாளர் யாராக இருந்தாலும் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. கேட்டதும் உடனே கிடைத்திருந்தால் இவள் ராத்திரி சாப்பாட்டில் அவனைப் பற்றி இவ்வளவு பேசியிருக்க மாட்டாள்.

ஜூன் 4, புதன்

“ஏத்தா, அந்தப் பூனை இந்த அட்டைக்குள்ளயா இருக்கு?” என்று அப்பத்தா கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், இரண்டும் பாதி சரி.

பூனை இருப்பது கேமுக்குள். அட்டையில் இருப்பது மிக மெல்லிய ஒரு சில்லும் அதைச் சுற்றி ஓடும் உலோகச் சுருளும். சில்லின் பெயர் என்டேக் 215. பேட்டரி கிடையாது; ஜாய்-கான் அனுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும், அந்தக் கொஞ்ச மின்சாரத்தில் சில்லு விழித்து ‘நான் ரேமண்ட்’ என்று தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். மொத்த நினைவகம் 540 பைட், அதில் எழுதக்கூடியது 504 பைட். கணினியில் தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு 3 பைட் போகும், ஆக 168 குறிகள்தான் கொள்ளும். இந்தப் பத்தியில் பாதி போகும் முன்பே நிரம்பிவிடும். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு ஆசையை வைக்க முடிகிறது என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வியப்பு.

சாயங்காலம் சின்னவன் அட்டைகளை எல்லாம் எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பிவைத்து ஜாய்-கானை மேலே கொண்டுபோனான், ஒன்றும் படிக்கவில்லை. ஜாய்-கான் கெட்டுவிட்டது என்று முகம் வாடிவிட்டது. கெடவில்லை. உலோகத்தை ஒட்டி வைத்தால் அது அலையைக் குலைத்துவிடும். அதே அட்டையை ஆத்தங்குடித் தரையில் வைத்ததும் உடனே படித்தது. சிமெண்டும் மணலும் உலோகம் போல அந்த அலையைக் குலைக்காது. உங்கள் வீட்டில் பீரோ மேலோ இரும்பு மேசை மேலோ வைத்துச் சரியாகப் படிக்கவில்லை என்றால் முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

ஜூன் 5, வியாழன்

ரேமண்ட் சம்மதித்துவிட்டான். வெள்ளைப் பணியாரம் செய்து கொண்டாடினோம், அதாவது அப்பத்தா எப்படியும் செய்யத்தான் போகிறார், பிள்ளைகள் அதை ரேமண்ட் பேரில் வரவு வைத்துக்கொண்டார்கள்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இன்றைக்கு ஸ்விட்ச் 2 விற்பனை ஆரம்பம். சின்னவனின் ஒரே கவலை, பழைய பொம்மைகள் அதில் ஓடுமா என்பது. ஓடும். 2014இல் வீ யூ என்ற பழைய நின்டெண்டோ கருவிக்கு வந்த முதல் அமீபோக்களும் ஓடும்.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பெரியப்பா மகன் ஒருவன் உண்டு, இப்போது மெல்போர்னில் படிக்கிறான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளையாடிய ஸ்கைலேண்டர்ஸ் இரண்டாம் கட்டு அறையின் மர அலமாரியில் ஒரு பெரிய கொட்டானுக்குள் இருந்தது. கூடவே எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல், போர்ட்டல், முதல் கேமின் டிஸ்க். எல்லாவற்றையும் துடைத்து மாட்டினேன்.

தெரியாதவர்களுக்கு: ஸ்கைலேண்டர்ஸ் 2011 அக்டோபரில் வந்தது. அமீபோவுக்கு மூன்று வருடம் மூத்தது, கடையில் பொம்மை வாங்கி கேமுக்குள் இறக்குவதைப் பெரிய வியாபாரமாக மாற்றியது இதுதான். போர்ட்டல் என்கிற வட்டமான மேடையில் பொம்மையை வைத்தால் மேடை அந்தப் பாத்திரத்தின் சக்திக்குரிய நிறத்தில் ஒளிரும், பாத்திரம் திரையில் குதிக்கும். இதில் முக்கியமான விஷயம், பாத்திரம் சேர்த்த லெவல், காசு, தலையில் போட்ட தொப்பி எல்லாம் பொம்மையின் அடியில் இருக்கும் ஒரு கிலோபைட் சில்லில் எழுதப்படும். நம் கன்சோலில் இல்லை. அதனால் சிங்கப்பூரில் நின்டெண்டோ வீ கன்சோலில் வளர்த்த பொம்மையைப் பள்ளத்தூரில் எக்ஸ்பாக்ஸில் வைத்தால் விட்ட இடத்திலிருந்து வளரும். வேறு வேறு கம்பெனி கன்சோல்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசாத காலம் அது, இன்டர்நெட்டும் கணக்கும் பாஸ்வேர்டும் இல்லாமல் இந்தக் கையடக்கப் பொம்மை அதைச் செய்தது.

எங்கள் வீட்டுக்கு இது எவ்வளவு பொருந்தியது என்று சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் ஊர் ஊராக இருக்கிறார்கள், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தான் முகப்பில் செருப்பு நிறைகிறது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் பொம்மையோடு வந்து, சேர்ந்து விளையாடி, வளர்ந்த பொம்மையோடு திரும்பிப் போவார்கள்.

இன்றைக்கு கில் கிரண்ட் என்ற மீன் மனிதனை எடுத்து மேடையில் வைத்தேன். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏனென்றால் இந்த மாதிரிச் சில்லுகளுக்குத் தரவைத் தாங்கும் காலம் என்று தயாரிப்பாளர்கள் சாதாரணமாக உறுதி சொல்வது பத்து வருடம், இதில் கடைசியாக எழுதி அதைத் தாண்டிவிட்டது. மேடை நீலமாக ஒளிர்ந்தது. லெவல் 10, அந்த கேமில் அதுதான் உச்சம். பக்கத்தில் அவன் வைத்த செல்லப் பெயர், ஆங்கில எழுத்துகளில்: ஊருணி. நீர் சக்தி உள்ள பாத்திரம், எட்டு வயதுப் பையனுக்குத் தெரிந்த பெரிய நீர் எங்கள் ஊருணிதான்.

உடனே மெல்போர்னுக்கு வீடியோ கால் போட்டோம். “சித்தப்பா, அப்படியே இருக்கா? தொப்பியக் காட்டுங்க” என்றான். தொப்பியும் இருந்தது. சின்னவன், “அண்ணே, நான் எடுத்து விளையாடலாமா?” என்று கேட்டான், “விளையாடு, பேர மட்டும் மாத்தாத” என்றான் அவன்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு நாளாக மனதில் ஓடுவதை எழுதிவிடுகிறேன். அட்டை, பொம்மை எல்லாம் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேலை வேறு வேறு.

சிலவற்றில் அட்டையிலேயே கேம் இருந்தது. நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்கு ஈ-ரீடர் என்று ஒரு கருவி, ஜப்பானில் 2001, அமெரிக்காவில் 2002. அட்டையின் ஓரத்தில் பொடிப் பொடியாக அச்சடித்த புள்ளிப் பட்டை, ஒலிம்பஸ் உருவாக்கிய நுட்பம், நீளமான ஒரு பட்டையில் ஏறக்குறைய இரண்டு கிலோபைட். அட்டை அட்டையாக இழுத்தால் பலூன் ஃபைட் போன்ற பழைய கேம் முழுசாக ஓடும். அச்சுக் காகிதத்தில் கேம்! அதற்கும் முன்னால் 1991இல் எப்போக் கம்பெனியின் பார்கோட் பேட்லர், கடையில் வாங்கிய எந்தப் பொருளின் பார்கோடையும் இழுத்தால் அதன் எண்களிலிருந்து ஒரு வீரனோ எதிரியோ ஆயுதமோ பிறக்கும். பிஸ்கட் உறையில் எந்த வீரன் இருக்கிறான் என்று தேடித் தேடி அலைந்த பிள்ளைகளை நினைத்தாலே பொறாமையாக இருக்கிறது.

சிலவற்றில் அட்டையோ பொம்மையோ நினைவைச் சுமக்கிறது, ஊருணி அந்த வகை.

மற்றவை வெறும் சாவி. டிஸ்க்கிலோ கார்ட்ரிட்ஜிலோ ஏற்கனவே இருக்கும் ஒன்றைத் திறந்துவிடும், அவ்வளவுதான். இதில் எனக்கு வருத்தம் உண்டு. 2017இல் வந்த மெட்ராய்டு: சாமஸ் ரிட்டர்ன்ஸ் கேமில் ஃப்யூஷன் மோட் என்கிற மிகக் கடினமான ஆட்ட முறையைத் திறக்க மெட்ராய்டு அமீபோ வேண்டும். முழு விலை கொடுத்து கேம் வாங்கியவனிடம் அதே கேமின் ஒரு அறைக்கு மட்டும் தனியாகச் சாவி விற்பது சரியில்லை. அந்தப் பொம்மை கடையில் தீர்ந்துவிட்டால் பிறகு வருபவன் என்ன செய்வான்? ஒரு தொப்பி, ஒரு சட்டை, ஒரு குதிரை என்று சின்னப் பரிசு கொடுப்பது வேறு, அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

என்னைக் கேட்டால் வாங்கும் முன் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பொம்மை உன்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுமா? வைத்துக்கொள்ளும் என்றால் நான் பணம் தருகிறேன்.

ஜூன் 14, சனி

வீட்டில் வழக்கு. ஸ்ப்ளட்டூன் கேமின் பாத்திரமான இங்க்லிங்கின் அமீபோ பொம்மை அக்காளுடையது. ஸ்ப்ளட்டூன் 3இல் தன் உடையும் ஆயுதமும் அதில் சேமித்து வைத்திருந்தாள். தம்பிக்கு அதே பொம்மையை ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற சண்டை கேமில் சண்டைக்காரனாக வளர்க்க வேண்டும், அங்கே பொம்மை நம்மோடு சண்டை போட்டு நம் பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு லெவல் 50 வரை போகும். சிக்கல் என்னவென்றால் ஓர் அமீபோவில் ஒரு சமயத்தில் ஒரு கேமின் தரவுக்குத்தான் இடம். ஒன்றை அழித்தால்தான் இன்னொன்று.

“ரெண்டையும் வச்சுக்க எடம் இல்லாம ஏன்டா செஞ்சான்?” என்றார் அப்பத்தா. அவர் கேட்டதில் தப்பே இல்லை.

கடைசியில் தீர்ப்பு சொன்னது அக்காளே. உடையையும் ஆயுதத்தையும் கேமில் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், சண்டை கற்றது போனால் போனதுதான், அதனால் ஸ்மாஷுக்கே கொடுத்துவிடு என்றாள். ஒரு நிபந்தனை: அவளும் அதற்குச் சொல்லிக்கொடுப்பாள். இப்போது அந்த இங்க்லிங் இரண்டு பேர் ஆட்டத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது, அதோடு மோதிப் பார்த்தேன், தம்பியின் அவசரமும் தெரிகிறது, அக்காளின் பின்வாங்கலும் தெரிகிறது, பொறுமையாக ஆடினால்தான் ஜெயிக்க முடிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். அட்டைகள் அவர்களோடு போகும், ரேமண்ட் தீவில் நன்றாகக் குடியேறிவிட்டான். இங்க்லிங்கை என்னிடம் விட்டுப் போகிறார்கள், அடுத்த தடவை வரும்வரை நான் வளர்க்க வேண்டும் என்பது உத்தரவு. நான் இந்தப் பொறுப்பை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டேன்.

ஸ்கைலேண்டர்ஸுக்கும் ஒரு ஏற்பாடு. சும்மா வைத்துப் பார்த்தால் சில்லில் தரவு புதுப்பிக்கப்படாது, விளையாடி, காசு சேர்த்து, கேம் அதில் திரும்ப எழுதினால்தான் எழுத்து புதிதாகும். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை எழுதினாலும் தாங்கும், அதில் பயமில்லை. அதனால் பொங்கலுக்குப் பொங்கல் எல்லாப் பொம்மையையும் மேடையில் ஏற்றி ஒரு கட்டமாவது விளையாடி இறக்குவது என்று முடிவு. இதே மாதிரிப் பொம்மை கேமான டிஸ்னி இன்ஃபினிட்டி 2016 மே மாதத்தில் கைவிடப்பட்டது, அமீபோ தவிர மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றுபோயின, அவற்றைப் புதிதாக யாரும் செய்து தரப்போவதில்லை. ஆனால் டிஸ்க்கும் போர்ட்டலும் பொம்மையும் கையில் இருந்தால் எந்த சர்வர் மூடினாலும் நமக்குக் கவலையில்லை.

ஒரு உதவி. கொட்டானின் அடியில் ஸ்கைலேண்டர்ஸ் வரிசையின் ட்ராப் டீம் கேமின் டிஸ்க்கும் வில்லன்களைப் பிடித்து அடைக்கும் படிகங்களும் கிடைத்தன. 2014இல் வந்த அந்த கேமுக்குத் தனி போர்ட்டல் வேண்டும், பிடிபட்ட வில்லன் அதன் ஸ்பீக்கரில் பேசுவான், பழைய போர்ட்டலில் ஓடாது. அந்த போர்ட்டல் மட்டும் எங்கே போனது என்று மெல்போர்ன்காரனுக்கும் ஞாபகமில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், விலைக்கே வாங்கிக்கொள்கிறேன். எக்ஸ்பாக்ஸ் 360க்கானதாக இருக்க வேண்டும், மற்ற கன்சோலுடையது எங்கள் பெட்டியில் வேலை செய்யாது.