சார்ஜரை முதலில் தேர்ந்தெடுங்கள்

அலுவலகத்தில் எழுதுபொருள் அலமாரியின் சாவி என் கைக்கு வந்த நாளிலிருந்து, பேட்டரி கேட்டு வருவோரும் என்னிடமே வரத் தொடங்கினார்கள். கம்பியில்லா மவுஸ், கீபோர்டு, கூட்ட அறையின் மைக், புரொஜெக்டர் ரிமோட், சுவர்க் கடிகாரம் என்று வாரத்துக்கு ஒன்றாவது ஓய்ந்துபோகும். தீர்ந்த செல்கள் ஓர் அட்டைப் பெட்டியில் குவிந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய செல்களுக்கு மாறிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். வாங்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

முதல் முறை நான் செய்தது, அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு. உறையின் மீது எந்த எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்ததோ அந்த செல்லையே எடுத்தேன்; ஒரு செல் எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பதைச் சொல்லும் எண் அது, 2,700 மில்லி ஆம்பியர்-மணி என்று இருந்தது. சார்ஜரைப் பற்றி யோசிக்கவே இல்லை. செல்களோடு சேர்த்து விற்ற ஒன்றே போதும் என்று விட்டுவிட்டேன். ஓராண்டு முடிவதற்குள் அவற்றில் பாதி, சார்ஜரிலிருந்து எடுத்த இரண்டாம் நாளே உயிரை விட்டன. குறை செல்லில் மட்டும் இல்லை, சார்ஜரிலும் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

மலிவான சார்ஜர்கள் பெரும்பாலும் செல்களை இரண்டிரண்டாகச் சேர்த்தே சார்ஜ் செய்கின்றன. ஒரு செல் பாதி நிறைந்தும் மற்றொன்று முற்றிலும் தீர்ந்தும் இருந்தால், முதலாவது நிறைந்த பிறகும் அதற்குள் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். அது சூடேறிக் கெடும். இரண்டாவதோ கடைசி வரை நிறையாமலே வெளியே வரும். இன்னும் சில சார்ஜர்கள், செல்லின் நிலை என்னவென்று பார்க்காமல், இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்து நிறுத்துபவை. நல்ல சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிறது. திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய இந்த செல்களின் வகைக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று பெயர். அப்படிப்பட்ட செல் நிறைய நிறைய அதன் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே வந்து, முழுதும் நிறைந்ததும் சில மில்லிவோல்ட் மட்டும் கீழே இறங்கும். அந்தச் சிறு சரிவைக் கண்டுபிடித்து, கூடவே வெப்பநிலையையும் பார்த்து, சரியான தருணத்தில் மின்னோட்டத்தை நிறுத்துவதுதான் நல்ல சார்ஜரின் வேலை. மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் அந்தச் சரிவு தென்படாமலே போய்விடலாம். மிக அதிகமாக இருந்தால் செல் கொதிக்கும். டபுள் ஏ செல்லுக்கு 500 முதல் 1,000 மில்லி ஆம்பியர் வரை தரும் சார்ஜர் எங்களுக்குப் பொருத்தமாக இருந்தது. 500-இல் வைத்தால் 2,000 அளவுள்ள செல் நிறைய நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். காலையில் வைத்தால் மாலைக்குள் தயார். கால் மணி நேரத்தில் சார்ஜ் ஆகும் என்று ஆசை காட்டும் சார்ஜர்களை அலுவலகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு அவசரம் மாற்று செல் கைவசம் இல்லாத இடத்தில்தான் வரும்.

அடுத்தது செல். பழைய வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், எதிலும் போடாமல் மேசை இழுப்பறையில் கிடந்தாலே சில மாதங்களில் பெருமளவு சார்ஜை இழந்துவிடும். மவுஸ் போன்ற, மிகக் குறைந்த மின்சாரத்தில் மாதக்கணக்கில் ஓடும் கருவியில் இவற்றைப் போட்டால், மவுஸ் செலவழிப்பதைவிட செல் தானாக இழப்பதே அதிகம். 2005-இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில், இந்த இழப்பு வெகுவாகக் குறைக்கப்பட்ட செல்லைக் கொண்டுவந்தது. இப்போது அது பானசோனிக்கின் பெயரில் வருகிறது, வேறு பல நிறுவனங்களும் இதே வகையைத் தயாரிக்கின்றன. இவை ஓராண்டு சும்மா இருந்தாலும் பெரும்பகுதி சார்ஜைத் தக்கவைத்துக்கொள்ளும். டபுள் ஏ அளவில் ஏறத்தாழ 2,000, டிரிபிள் ஏ அளவில் ஏறத்தாழ 800 என்று உறையில் இருந்தால் போதும். அதைவிடப் பெரிய எண் கொண்டவை பொதுவாகக் குறைந்த தடவைகளே சார்ஜ் தாங்கும். கேமரா ஃபிளாஷுக்கு அவை தேவைப்படலாம், மவுஸுக்குத் தேவையில்லை.

செல்லில் 1.2 வோல்ட்தானே இருக்கிறது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் அல்கலைனில் 1.5 இருக்கிறதே என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அல்கலைன் 1.5-இல் தொடங்கினாலும், பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போய், ஆயுளின் பின்பாதியில் பெரும்பாலும் 1.2-க்குக் கீழேதான் இருக்கிறது. இவையோ கடைசி வரை 1.2-ஐ ஒட்டியே நின்று, பிறகு சட்டென்று விழுகின்றன. ஆகவே பெரும்பாலான கருவிகள் குறையின்றி ஓடும். ஆனால் பேட்டரி அளவைக் காட்டும் குறியீடு, முழு சார்ஜ் உள்ளபோதும் பாதி என்று காட்டக்கூடும்; அதை நம்பி செல்லைக் கழற்றிக்கொண்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புவது தனி வேலை.

யூஎஸ்பி கம்பியை நேரே செருகி சார்ஜ் செய்யும் 1.5 வோல்ட் லித்தியம் அயனி செல்களையும் பார்த்தேன். உள்ளே இருக்கும் சிறிய மின்சுற்று மின்னழுத்தத்தைக் குறைத்து 1.5-லேயே நிறுத்தி வைப்பதால், செல் தீரும் வரை கருவிக்கு எந்தக் குறிப்பும் கிடைக்காது. கூட்டத்தின் நடுவில் மைக் அப்படியே அடங்கிவிடும். இவற்றை நிக்கல் சார்ஜரில் வைக்கவும் கூடாது. யார் எதை எங்கே செருகுவார்கள் என்று சொல்ல முடியாத இடத்தில் இரண்டு வகைகளைக் கலப்பது வம்பை விலைக்கு வாங்குவது, நான் தவிர்த்தேன்.

சுவர்க் கடிகாரங்களுக்கு மட்டும் அல்கலைனையே தொடர்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் இடத்தில் சார்ஜ் செய்வதால் லாபமில்லை. தீர்ந்த பிறகும் கழற்றாமல் விட்டால் அது கசிந்து தகட்டை அரித்துவிடும் என்பதால், மாற்றிய தேதியைக் கடிகாரத்தின் பின்புறம் எழுதி வைக்கிறேன். புகை எச்சரிக்கைக் கருவியில், அதன் கையேடு சொல்லும் பேட்டரியைத் தவிர வேறெதையும் போடுவதில்லை.

மற்ற செல்களையெல்லாம் ஜோடி ஜோடியாக எண்ணிட்டேன். ஒன்றாக வாங்கியவை ஒன்றாகவே கருவிக்குள் போக வேண்டும். வலுவான செல்லோடு வலுக்குறைந்ததைத் தொடராகப் போட்டால், முதலில் தீர்ந்ததன் துருவங்களை மற்றது தலைகீழாக்கிவிடும், அதற்குப் பிறகு அந்த செல் பழைய நிலைக்கு வருவது அரிது. பச்சைப் பெட்டியில் நிறைந்தவை, சிவப்புப் பெட்டியில் தீர்ந்தவை. போன மாதம் ஏழாம் எண் ஜோடியில் ஒரு செல்லை சார்ஜர் ஏற்க மறுத்தது. அதன் துணை நன்றாகவே இருந்ததால், ஒரே செல்லில் ஓடும் வரவேற்பறை மவுஸுக்கு அதை ஒதுக்கிவிட்டேன்.