அணில்கள் கட்டிய ஊர்

'பீஸ் ஒன் ஏர்த்' என்று ஒரு ஒன்பது நிமிடக் காட்டூன் இருக்கிறது. டொம் அண்ட் ஜெரியைத் தந்த அதே எம்ஜிஎம் நிறுவனம், அந்தப் பூனையும் எலியும் திரைக்கு வருவதற்கு முந்தின வருடம், 1939 டிசம்பரில் வெளியிட்டது. இயக்கியவர் ஹியூ ஹாமன். ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தும் விருது டிஸ்னிக்குப் போய்விட்டது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் தொடங்கி மூன்று மாதமே ஆகியிருந்த நேரத்தில், நத்தார் படம் என்ற பெயரில் இப்படியொன்றை எடுக்கத் துணிந்ததற்காகவே எனக்கு இதில் பெரிய மரியாதை.

கதை சின்னது. நத்தார் இரவு, பனி. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் தாத்தா அணில், மனிதருக்கு நல்லெண்ணம் உண்டாகட்டும் என்று பாடிக்கொண்டு வருகிறது. குட்டிகள் கேட்கின்றன: மனிதர் என்றால் என்ன? உலகத்தில் மனிதரே இல்லை, ஒருவரை ஒருவர் கொன்று முடித்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. தலையில் இரும்புச்சட்டி, கண்ணாடி வைத்த பெரிய கண், நீண்ட மூக்கு என்று தாத்தா சொல்லும் அந்தப் பிராணி, நச்சுவாயு முகமூடி போட்ட படைவீரன்.

இந்த இடத்தில் படமே மாறிவிடுகிறது. அணில்களை உருண்டையாக, செல்லமாக வரைந்த அதே ஆட்கள் மனிதரை அசல் மனிதராகவே, நிழலும் எடையுமாக வரைந்திருக்கிறார்கள். கடைசியில் இரண்டே பேர் மிஞ்சுகிறார்கள். ஒருவன் சுட, விழுந்தவன் சாவதற்குள் திருப்பிச் சுட, இவன் பதுங்குகுழித் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து போகிறான், கை மட்டும் கடைசிவரை பிடிமானம் தேடுகிறது. காட்டூனில் ஒரு சாவை இவ்வளவு பாரமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்புறம் அந்த இரும்புத் தொப்பிகளையே கவிழ்த்து மிருகங்கள் வீடு கட்டுகின்றன. எறிகணைக் கோதுக்குள் மண் போட்டுப் பூக்கன்று வைத்த முற்றங்களை எங்கட பக்கம் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அந்தத் தொப்பி வீடுகளை வெறும் கற்பனையாக என்னால் பார்க்க முடியவில்லை.

தாத்தாவுக்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங், பிறகு பக்ஸ் பனி முயலின் குரலாகப் புகழ்பெற்றவர். இதில் அவர் பேசுவதைக் கேட்டால் நம்பமாட்டீர்கள், அத்தனை நிதானம்.

குறைகளும் இருக்கின்றன, பெரிய குறைகள். சண்டைக்குக் காரணம் சொல்லும்போது தட்டைப்பாதக்காரருக்கும் மிதப்புப் பல்லுக்காரருக்கும் சண்டை, மரக்கறி தின்போருக்கும் இறைச்சி தின்போருக்கும் சண்டை என்று பகிடியாகக் கடந்துவிடுகிறார்கள். எந்தப் போரும் அப்படிச் சும்மா வந்ததில்லை. காணி, அதிகாரம், பயம் என்று ஒவ்வொன்றுக்கும் வேர் இருக்கும். பிறகு ஆந்தை வேதப்புத்தகத்தை விரித்து, கொலை செய்யாதே என்று வாசித்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. பாட்டும் கொஞ்சம் சீனி கூடின தேத்தண்ணி மாதிரி.

ஆனால் எனக்கு உண்மையாகவே மனம் ஒப்பாதது வேறு. அந்தப் போரில் படைவீரர் மட்டும்தான் இருக்கிறார்கள். ஒரு தாய் இல்லை, குழந்தை இல்லை, மூட்டை முடிச்சோடு அகதி முகாமுக்கு நடந்த ஒரு சனம் இல்லை. மட்டக்களப்பில் இருந்து பார்க்கிறவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். சண்டை பிடித்தவர்கள் முழுப்பேரும் செத்துப்போக, சம்பந்தமே இல்லாத மிருகங்கள் சமாதானமாக வாழ்வது லேசான காரியம். இங்கே மிஞ்சினவர்கள் எல்லாரும் மனிசர்தான், செய்தவரும் பட்டவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கவேண்டியிருக்கிறது. அந்தச் சமாதானத்தைப் பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அக்காவின் மகள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "மாமா, அப்ப மனிசர் ஒருத்தருமே மிச்சமில்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஆர் அந்தப் பிள்ளையளுக்குச் சொன்னது தப்பெண்டு?" என்றாள். போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை அவள்.

1955 இல் டொம் அண்ட் ஜெரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் இதே கதையை அணுகுண்டு சேர்த்து, அகலத்திரையில் 'குட் வில் டு மென்' என்று திரும்ப எடுத்தார்கள். வர்ணம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அந்தத் தண்ணீருக்குள் அமிழும் கையின் பாரம் அதில் இல்லை. பார்ப்பதென்றால் 1939 ஆம் ஆண்டுப் படத்தையே பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு என்றால் பக்கத்திலேயே இருங்கள், கட்டாயம் கேள்வி கேட்பார்கள்.